தருவைகுளம் கடலுக்கு வாங்கிய ஷூ

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குக் கோவில்பட்டியில் தூத்துக்குடி பேருந்து ஏறினேன். அறுபது கிலோமீட்டர் தூரம், ஐம்பத்தைந்து ரூபாய் டிக்கெட். எட்டயபுரம் வரும்வரை, இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பயத்துக்குக் காரணம் என் கால். பன்னிரண்டு வருடமாக எனக்குச் சர்க்கரை. மூன்று வருடமாக இரண்டு பாதத்திலும் உணர்ச்சி குறைந்து, இடது பாதத்தில் அறவே இல்லை. வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் வேலை பார்க்கும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பண்டல் கட்டும் ஒருவர், செருப்பில் குத்தி உள்ளே ஏறிய ஆணியோடு ஒரு பகல் முழுவதும் நடந்திருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. இரண்டே மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, என் பாதத்தைப் பற்றி மனைவியைத் தவிர யாரிடமும் நான் பேசியதில்லை. சொன்னால் பார்க்கிறவர்கள் எல்லாரும் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவன் கடலுக்கு ஏன் போக வேண்டும்? என் மனைவியின் தங்கை கணவர் செல்வின், தூத்துக்குடியில் மில்லர்புரத்தில் இருக்கிறார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. சனிக்கிழமை ஆனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான்கு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் வேலை, வேலை என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் எனக்கும் ஆசைதான். முழங்கால் தண்ணீரில் நின்று என் கையால் ஒரு மீன் பிடிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு சின்ன ஆசையை வெளியே சொல்லவும் கூச்சமாக இருந்தது.

எட்டு மணிக்கு இறங்கினேன். செல்வின் பைக்கில் வந்து கூட்டிப்போனார். டிபன் முடிந்ததும், ஷூ வாங்க வேண்டும் என்று சொன்னேன்.

"கடலுக்கா? நாங்கள்லாம் வெறுங்காலோடதான் அண்ணாச்சி இறங்குவோம்."

"சிப்பி கிப்பி குத்திறும்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

பத்து மணிக்குக் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடை. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது முழங்கால் உயர கம்பூட், அறுநூற்றைம்பது ரூபாய். அது நல்ல பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றியது. செல்வின் சிரித்துவிட்டார்.

"இதுக்குள்ள தண்ணி ஏறுச்சுன்னா ஆளை நகர விடாது. சகதியில மாட்டுனா கம்பூட்டு அங்கன நிக்கும், நீங்க இங்கன கெடப்பீங்க."

அடுத்து பிளாஸ்டிக் சாண்டக் செருப்பு, இருநூற்று இருபது. விரல்கள் வெளியே தெரிந்தன. வேண்டாம் என்றேன். மூன்றாவதாக வந்தது கனமான ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூ, நானூற்று இருபது. விரலை மூடியிருந்தது. துணி என்பதால் தண்ணீர் வடிந்துவிடும். இதுதான் சரி என்று மூன்று பேருமே சொன்னோம்.

எட்டாம் நம்பரை மாட்டி, கடையின் நீளத்துக்கு ஒருமுறை நடந்து வந்தேன்.

"எங்கயும் கடிக்குதா அண்ணாச்சி? குதிகால்ல? சுண்டுவிரல்ல?" என்று கேட்டார் கடைக்காரர்.

வலது கால் பரவாயில்லை. இடது கால் கடிக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தபடி குத்தவைத்திருந்தார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"இல்ல, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

மதியம் இரண்டே முக்காலுக்குப் புறப்பட்டு வடக்கே பதினைந்து கிலோமீட்டர், உப்பளங்களைத் தாண்டித் தருவைகுளம். கரையில் அந்தோணி என்ற மீனவர் வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்தார். செல்வினுக்குப் பழக்கமானவர், அறுபது வயது இருக்கும். என் கால் ஷூவைப் பார்த்ததும் சொன்னார்:

"சப்பாத்து போட்டுக் கடலுக்கு வாற ஆளை இன்னைக்குத்தாம் பாக்கேன். மீனுக்குக் கல்யாணமா?"

செல்வின் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றரைக்குத் தண்ணீரில் இறங்கினோம். முன்னால் அந்தோணி, நடுவில் நான், பின்னால் செல்வின். கடல் வெகுதூரத்துக்கு முழங்காலைத் தாண்டவில்லை. ஆனால் அடி தெரியவில்லை. கலங்கலும் பாசியுமாக இருந்தது. இரண்டாவது எட்டு எடுத்து வைக்கும்போதே அந்தோணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"காலத் தூக்கி வைக்கப்படாது. தரையோட இழுத்து இழுத்து வாங்க. திருக்கை மண்ணுக்குள்ள படுத்துக் கெடக்கும். கால் இடிச்சா ஓடிரும், மிதிச்சா வாலால அடிச்சிரும். முள்ளு சப்பாத்தத் தொளச்சிரும்."

அவர்கள் எல்லாரும் அப்படித்தான் நடக்கிறார்கள். தரையைத் தேய்த்துக்கொண்டே, தள்ளாத வயதுக்காரர்போல. நானும் தேய்த்து நடந்தேன். வலது காலுக்கு அடியில் மணல் நெரிவது லேசாகத் தெரிந்தது. இடது கால் எதன்மேல் போகிறது என்று தெரியவில்லை. திருக்கை அடித்தால் உயிர் போகிற வலி என்கிறார்கள். அந்த வலி எனக்குத் தெரியுமா, அல்லது கரைக்கு வந்து ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேனா? ஒவ்வொரு பத்தடிக்கும் குனிந்து, இடது காலைச் சுற்றித் தண்ணீர் சிவக்கிறதா என்று பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி தேடுதீய, முத்தா?" என்றார் செல்வின்.

கரை நன்றாகத் தள்ளிப் போன இடத்தில் நின்று, இறால் துண்டைக் கோத்துத் தூண்டில் போட்டோம். அரை மணி நேரத்தில் என் தூண்டில் நூல் விரலில் வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு சாண் நீளக் கிழங்கான் மீன், மணல் நிறத்தில் மின்னிக்கொண்டு மேலே வந்தது. அதைக் கையில் பிடித்தபோது மட்டும் காலை மறந்திருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு திரும்பி நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்தேன்.

ஐந்து மணிக்குக் கரை ஏறினோம். திருக்கை அடிக்கவில்லை, எதுவும் குத்தவில்லை, ஷூவில் ஒரு கீறல் இல்லை. மணலில் உட்கார்ந்ததும் எனக்குப் பெரிய மூச்சு வந்தது. ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினேன். வலது ஷூவிலிருந்து வெறும் மணல் தண்ணீர் வந்தது. இடது ஷூவிலிருந்து வந்தது சிவப்பாக இருந்தது.

குதிகாலில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குத் தோல் இல்லை. சுண்டுவிரல் பக்கமும் உரிந்திருந்தது. ஷூ இறுக்கம். உள்ளே மணல் புகுந்து, நான் காலை இழுத்து இழுத்து நடக்க நடக்க, அரம்போல அறுத்திருக்கிறது. நான் கடலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் வேலை ஷூவுக்குள் நடந்திருக்கிறது.

அந்தோணி வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்தார். "இவ்ளோ உரிஞ்சிருக்கு, எரியலையா ஒமக்கு?"

"தெரியாது" என்றேன். "அந்தக் கால்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. மூணு வருசமா."

செல்வின் மெதுவாகக் கேட்டார். "கடையில அந்த ஆளு அத்தனை தடவ கேட்டாருல்லா? அப்பவே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. நான் உங்களத் தண்ணிக்குள்ள இறக்கிருப்பனா?"

அந்தோணி தன் குடிதண்ணீர் பாட்டில் முழுவதையும் புண்ணில் ஊற்றி மணலைக் கழுவினார். துவைத்த துண்டு ஒன்றைக் கிழித்துக் கட்டினார்.

ஆறு மணிக்கு மில்லர்புரம் பக்கம் ஒரு கிளினிக். கட்டுப்போட்டு ஊசி போட முந்நூற்றைம்பது ரூபாய். கடல் தண்ணீர் பட்ட புண், சர்க்கரை உள்ள கால், அதனால் மூன்று நாள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மா. கறுத்தாலும், சுற்றிச் சூடு ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. இனி ஷூ வாங்கும்போது, காலை அட்டையில் வைத்து வரைந்து வெட்டிக் கொண்டுபோய் ஷூவுக்குள் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஓரம் எங்கேயாவது மடங்கினால் அந்த ஷூ வேண்டாம். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது வரைவது நல்லதாம். இதைப் படிப்பவர்களில் என்னைப் போன்றவர்கள் இருந்தால் இதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிப் பேருந்தில் ஏறினேன். காலைத் தொங்கப்போடக்கூடாது என்பதால் பக்கத்து இருக்கையில் தூக்கி வைத்திருந்தேன். அடுத்த நிறுத்தத்திலேயே கூட்டம் ஏறிவிட்டது. அரிசிப் பையோடு ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"காலை இறக்கும். மனுசன் உக்கார வேண்டாமா?"

வழக்கமாக இறக்கியிருப்பேன். இறக்கத்தான் போனேன். அதற்குள் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "எனக்கு சுகர் அண்ணாச்சி. இந்தக் கால்ல உணர்ச்சி கெடையாது. புண்ணாயிருக்கு. தொங்கப்போடக்கூடாதுன்னுருக்காங்க."

முன் இருக்கையில் இருந்தவர்கள்கூடத் திரும்பி என் காலைப் பார்த்தார்கள். பெரியவர் உட்கார்ந்து, அரிசிப் பையை மடியில் வைத்து, அதன்மேல் என் காலை எடுத்து வைத்துக்கொண்டார்.

குறுக்குச்சாலையில் ஒருமுறை, எட்டயபுரத்தில் ஒருமுறை கட்டைக் குனிந்து பார்த்தேன். ஈரம் கசியவில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் அவரும் குனிந்து பார்த்தார்.