பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

இது கதை இல்லை. நான் பயந்தாங்கொள்ளியும் இல்லை. பட்டப்பகலில், இந்தக் காதால் கேட்டேன். நம்பாதவர்கள் என் அக்காவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பாட்டுகளைத் தொகுத்துப் பெட்டியாகப் போடுவது என் பிழைப்பு. ஐந்து சிடி, நூறு பாட்டு. சமைக்கும்போதும் கார் ஓட்டும்போதும் சும்மா ஓடவிடுகிறவர்களுக்கு. அதனால் எல்லாப் பெட்டிக்கும் பரீட்சை அதிகாரி அக்காதான். பாட்டு ஞானம் சுத்தமாகக் கிடையாது. காரில் போட்டுக் கேட்பாள். எந்தப் பாட்டில் அவள் கை தானாக அடுத்த பாட்டுக்குத் தள்ளுகிறதோ, அந்தப் பாட்டுக்குச் சீட்டுக் கிழிந்தது.

அன்று முதல் சிடியைக் காரில் போட்டுக்கொண்டு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பினாள். அதே சிடியின் இன்னொரு பிரதியை நான் என் அறையில் ஓடவிட்டேன். மணி 12.40.

ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே இரண்டு விநாடி வெறும் மௌனம் வைப்பேன். அதில் எதுவுமே இருக்காது.

முதல் பாட்டு முடிந்தது. மௌனத்தில் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

எவன்டா அது என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தெரு காலி.

இரண்டாவது பாட்டு முடிந்தது... டக். சீட் பெல்ட் மாட்டும் சத்தம். கம்ப்யூட்டர் திரையில் ஒலிக்கோடு அசையவே இல்லை. ஆனால் ஸ்பீக்கரில் கேட்கிறது! எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

மூன்றாவது... ஓடும் காரின் உறுமல். அதன் மேல், ரொம்பக் கிட்டத்தில், யாரோ மூச்சு விடுகிறார்கள். பிறகு ஒரு இருமல்.

அது அக்காவின் இருமல்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை.

நான்காவது... மூச்சு. அக்காவின் குரல். "யாரு பின்னாடி...?"

"அக்கா, திரும்பாத! ரோட்டைப் பாரு!"

ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினேன்.

ஐந்தாவது... மௌனம்.

இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். நடந்து. இடுப்பில் மகள்.

"கார் எங்கக்கா?"

"பள்ளிக்கூட வாசல்ல. இந்தச் சில்வண்டு ஏறவே மாட்டேன்னு ஒரே ரகளை. அது கிடக்கட்டும், சிடி நடுவுல எதுக்குடா கத்திப் பதிஞ்சு வச்சிருக்க? ‘திரும்பாத, ரோட்டைப் பாரு’ன்னு? நல்லவேளை பார்த்தேன். எதிர்ல லாரி."

சாவியை வாங்கிக்கொண்டு போனேன். கார் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்சீட்டில், சில்வண்டு உட்காரும் பக்கத்தில், பெல்ட் மாட்டியிருந்தது. வளர்ந்த ஆள் அளவுக்கு இழுபட்டிருந்தது.

கதவைத் தொடாமல் பஸ்ஸில் திரும்பினேன்.

சில்வண்டு வாசலிலேயே காத்திருந்தாள்.

"மாமா, இன்னும் எத்தனை பாட்டு இருக்குன்னு கேக்கச் சொன்னாங்க."

"யாருடி?"

"என் இடத்துல உக்காந்திருந்தவங்க."

நூறு பாட்டுப் பெட்டி அது. அவர்கள் கேட்டது நாலோ ஐந்தோதான்.