நான் தலையாட்டினால்

எண்ணூரில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன் நான். ஐந்தாவது வரைதான் படித்தேன். என் மனைவி குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை செய்கிறாள். கொடுங்கையூரில் ஒரு ஃபிளாட் வாங்க, இருவர் பேரிலும் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன்.

“அவங்க ஊர்ல இல்ல. அதனால அவங்களுக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போடணும். புரிஞ்சுதா?” என்றார் அதிகாரியம்மா.

தலையாட்டினேன். அவள் கையெழுத்தை நான் போட்டால் போலீஸ் பிடிக்காதா? கேட்க வாய் வரவில்லை. வீடே வேண்டாம், கிளம்பிவிடலாம் என்று வாசலில் விட்ட செருப்பைப் பார்த்தேன்.

அதற்குள் அவர் என் மனைவியை வீடியோவில் அழைத்துவிட்டார். “உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டேன்மா. தலையாட்டிட்டார்.”

“ஐயோ மேடம், அது தலையாட்டினா ஒண்ணும் புரியலன்னு அர்த்தம். இன்னொரு தபா சொல்லுங்க. யோவ், இன்னா பயம்? வாயத் தொறந்து கேளேன்யா!”

கேட்டேன். அதிகாரியம்மா சிரிக்கவில்லை. “அவங்க அங்க தூதரகத்துல உங்களுக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பாங்க. அவங்க சார்பா நீங்க உங்க கையெழுத்தத்தான் போடுவீங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

கடன் கிடைத்தது. வட்டி ஏன் ஏறி இறங்குகிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என் தலையாட்டலைப் பார்க்காமலே புரிந்துகொண்டவளை, ஊரில் இல்லாதவள் என்று எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.