அருவிக்குக் கீழே நின்றவர்

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்கக் கேட்டபிறகு என்னைப் பற்றி நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். நான் பிறந்து வளர்ந்தது தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் இந்தக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. மூடிக் கிடக்கிற சுரங்க ஷாஃப்டில் ஆளிறக்குகிற கேஜ் இறங்குகிற சத்தம் கேட்டது, செத்துப்போனவர் ஷிஃப்டுக்குப் போகிற மாதிரி விளக்கோடு நடந்து போனார் என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். என் அப்பா வாழ்நாளெல்லாம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறினவர், அவரிடம் கேட்டால் கீழே சூடும் இருட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை என்பார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வாரம் முழுக்க ரயில் பிடித்து பெங்களூரு போய் ஒரு ஆபீசில் சம்பளக் கணக்கு பார்க்கிற எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமரா. அதுவும் அருவிதான். எங்கள் பக்கம் எங்கே அருவி என்று சிரிக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பிடித்தால் ஆந்திரா எல்லைப் பக்கத்து மலைகளில் அங்கங்கே தண்ணீர் இறங்கும், பத்துப் பதினைந்து நாள் ஓடும், நின்றுவிடும். பேர்கூட இருக்காது. அதைத் தேடிப் போய் எடுப்பதில்தான் எனக்குப் பைத்தியம். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம், ராபர்ட்சன்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அவருக்கு நடப்பதே பிடிக்காது, ஆனாலும் என்னைத் தனியாக விடமாட்டார், கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே பின்னால் வருவார்.

போன வருஷ மழையில்தான் இது நடந்தது. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து நேராக பைக்கில் கிளம்பிவிட்டோம். மழை வரும் போலிருந்ததால் இரண்டு பேரும் நீல மழைக்கோட்டு போட்டிருந்தோம், ஒரே கடையில் வாங்கியது. இதை இப்போதே சொல்வதற்குக் காரணம், இதைக் கேட்கிற எல்லோரும் கடைசியில் அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு தக்காளித் தோட்டம், அங்கேயே வண்டியை விட்டோம். தோட்டக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர், யானை இறங்குகிற நேரம், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள் என்றார். வண்டிப்பாதை கொஞ்ச தூரத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பாதையே இல்லை, ஓடையை ஒட்டி உண்ணிச்செடிப் புதரை விலக்கிக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தை வைத்து ஏறினோம். ஓர் இடத்தில் யானைச் சாணம் கிடந்தது, ஆரோக்கியம் அதைக் குச்சியால் குத்திப் பார்த்து பழசுதான் என்றார். எனக்கு அப்போது இருந்த பயமெல்லாம் யானையைப் பற்றி மட்டும்தான்.

அருவியைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத சின்ன அருவிகளாகத்தான் அதுவரை எடுத்திருந்தேன். இது கறுத்த பாறைச் சுவரில் மாடி வீட்டு உயரத்திலிருந்து இறங்கியது. கீழே ஒரு குட்டை, குட்டைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மேசை மாதிரி தட்டையான ஒரு பாறை. சாரல் பட்டுப் பட்டு அது பளபளவென்று இருந்தது. ஆனால் என்னவோ, அந்த இடத்தில் அதிக நேரம் இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்டால் தெரியாது. வேலையைப் பார்ப்போம் என்று ஸ்டாண்டை விரித்தேன்.

நான் எடுக்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டி, அரை நிமிஷம் கேமராவைத் திறந்தே வைப்பேன். ஓடுகிற தண்ணீர் படத்தில் புகை மாதிரி வரும், அசையாமல் இருக்கிறது எல்லாம் அப்படியே பளிச்சென்று விழும். நடுவில் யாராவது குறுக்கே நடந்து போனால் படத்தில் ஆளே இருக்காது.

ஆரோக்கியம் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று பின்னால் போனார். நான் குனிந்து கேமராவைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தால், அந்தத் தட்டைப் பாறையில் நிற்கிறார். நீலக் கோட்டு, பின் மண்டையில் வழுக்கை, கொஞ்சம் இறங்கின வலது தோள், பதினொரு வருஷமாகப் பார்க்கிற முதுகு எனக்குத் தெரியாதா. எப்படி அதற்குள் சுற்றி அந்தப் பக்கம் போனார் என்று ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான். அருவியின் உயரம் தெரிய ஓர் ஆள் நிற்பதும் நல்லதுதானே. அப்படியே அசையாமல் நில்லுங்கள் என்று கத்திச் சொன்னேன். அவர் திரும்பவில்லை, ஆனால் நின்றார். ஒரு படம் எடுத்தேன். இன்னொன்று என்றேன், அதற்கும் நின்றார். இவர் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டு நான் பார்த்ததே இல்லை.

போதும் வாருங்கள் என்றேன். வரவில்லை. முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் பின்பக்கமாக நீட்டி, வா என்கிற மாதிரி விரல்களை ஆட்டினார். அங்கே ஏதோ இருக்கிறது, காட்டக் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஷூவோடு குட்டையில் இறங்கினேன். முழங்கால் வரை வந்தது. இன்னும் கொஞ்சம் போனேன், தொடை வரை வந்தது. தண்ணீர் அவ்வளவு ஜில்லென்று இருந்தும் எனக்கு நிற்கத் தோன்றவில்லை, நம்புங்கள், அவருடைய கை என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் மேட்டிலிருந்து அவருடைய குரல் கேட்டது.

"ரெஜினா, அங்க இன்னா பண்ற? வழுக்கும், மெதுவா இப்படி வந்துடு."

திரும்பிப் பார்த்தேன். ஆரோக்கியம் மேட்டில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகப் பாறையைப் பார்த்துப் பேசுகிறார்.

"ரெஜினா, திரும்பு. நான் கூப்பிடறது கேக்குதா?"

தண்ணீரில் நின்றபடியே கையைத் தூக்கினேன். எப்படியோ சொன்னேன்.

"நான் இங்க கீறேங்க. தண்ணியில."

அவர் கண்ணை இறக்கி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். என்னை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தார். அப்புறம் பாறையைப் பார்த்தார், நானும் பார்த்தேன், பாறையில் யாருமே இல்லை.

ஓடி வந்து கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். இழுத்த பிறகு, கேமராவைக் கழற்றிவிட்டு, நான் நின்ற இடத்துக்கு ஓரடி முன்னால் ஸ்டாண்டை நீட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். ஸ்டாண்டின் கால் முழுக்க உள்ளே போயும் தரை தட்டவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது. புதரைக் கிழித்துக்கொண்டு இறங்கினோம், கை காலெல்லாம் கீறல். அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை, ஆனால் நடக்கும்போது இரண்டு மூன்று தடவை திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டார். நானும் அவரைப் பார்த்தேன். இவர் அவர்தானா என்று நானும், இவள் அவள்தானா என்று அவரும்.

என் துணியெல்லாம் நனைந்திருப்பதைத் தோட்டக்காரர் பார்த்தார். குட்டையில் இறங்கினீர்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

"அந்த ராயி, பாறைகிட்ட குழிம்மா அது. என் எருது ஒண்ணு அதுலதான் போச்சு. மேலகூட வரல."

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து சூடாகக் காபி குடித்தபிறகுதான் ஆரோக்கியம் வாயைத் திறந்தார். மேட்டுக்குத் திரும்பி வந்தபோது நான் பாறையில் முதுகைக் காட்டி நின்றேனாம். கோட்டுக்கு மேலே என் சடை தொங்கியதாம், நுனியில் அன்று காலை நான் போட்ட சிவப்பு ரப்பர்பேண்டுகூடத் தெரிந்ததாம். அவரையும் கையை நீட்டி வா என்று கூப்பிட்டேனாம். அவர் இறங்குவதற்கு ஒரு காலை வைத்துவிட்டாராம், வழுக்கினதால் மரத்தைப் பிடித்து நின்று, அங்கிருந்தே குரல் கொடுத்தாராம். குட்டையில் இறங்கிக்கொண்டிருந்த என்னை அவர் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது அவரை என்று சொன்னேன்.

படத்தைப் பார்த்தால் இரண்டிலும் பாறை காலியாக இருக்கிறது. அசைந்திருப்பார்கள், அதனால் விழவில்லை என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். அசையவில்லை, நான் பார்த்துக்கொண்டேதானே இருந்தேன். எங்கள் கோயில் சாமியாரிடம் சொன்னதற்குக் களைப்பு, பசி என்றார், சாப்பிடாமல் மலை ஏறாதீர்கள் என்றார். கோட்டு ஒரே நிறம், ஒருவரை ஒருவர் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று என் தம்பி சொன்னான். சரி, குழப்பம்தான் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டு கேமராவை அலமாரியில் வைத்துவிட்டேன். ஆரோக்கியம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை, மழைக் காலத்தில் அந்தத் திசையில் வண்டியைத் திருப்புவதும் இல்லை.

ஆனால் இந்த வருஷம் மழை ஆரம்பித்தபோது, என்னவோ தோன்றி, ஒருநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டில் போனில்தான் பார்த்திருந்தோம், அதில் இது தெரியாது. பாறை முழுக்க சாரலில் நனைந்து கறுத்துப் பளபளக்கிறது, ஒரு விரல் அளவு இடம்கூடக் காயவில்லை. நடுவில் மட்டும் வெளுத்து, காய்ந்த இடம், பாதம் பாதமாக. நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஷூ போட்டிருந்தோம். இது வெறுங்கால், விரல்கள்கூட எண்ணலாம். நான் ஒருவரைத்தான் பார்த்தேன், அவரும் ஒருவரைத்தான் பார்த்தார். படத்தில் இருப்பது இரண்டு ஜோடி, ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, பக்கத்தில் பக்கத்தில்.