கட்டையனுக்கு வைத்த சோறு

அம்மாவின் இடது மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்டிருக்கிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். பொய். முறித்தது நான். ஏன் முறித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சேர்த்ததில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே வாசித்துவிட்டுப் போகலாம்.

படுவான்கரையில், வாவிக்கும் வயலுக்கும் நடுவே எங்கள் வீடு. அம்மா, அக்கா யசோதினி, நான், கட்டையன். கட்டையன் எங்கள் நாய். கட்டைக் கால், அகன்ற நெஞ்சு, ஒரு காதில் பாதி இல்லை. ஐஸ் போடும் இடமொன்றில் இரவு வேலை பார்த்துவிட்டு இடையில் விட்டு வந்தவன் நான். வேலை போனது. விழிப்பு போகவில்லை. விடியும்வரை முற்றத்தில் கதிரை போட்டு இருப்பேன். காலடியில் அவனும் இருப்பான். ஊரில் என்னோடு விழித்திருந்த ஒரே உயிர் அதுதான்.

அவனைக் கொன்றது வாய்வெடி. பன்றிக்கு வைப்பது. வெடிமருந்தையும் சிறு கற்களையும் இறுக்கிச் சுற்றி, மேலே மீனைக் கட்டி, வரம்பில் போட்டு விடுவார்கள். கடித்தால் வெடிக்கும். பன்றி வரும் வழி எது, நாய் வரும் வழி எது என்று மீனுக்குத் தெரியாது. வைத்தவனுக்குத் தெரியும். வைத்தவன் சாமித்தம்பி. எங்கள் வயல் வட்டையின் அந்தலையில், கடைசி ஓரத்தில், குடிசை போட்டுத் தனியாக இருப்பவன். பன்றி இறைச்சி விற்பவன்.

விடியற்காலை வெடித்தது. கட்டையன் தானாகவே நடந்து வீட்டுக்கு வந்தான். கீழ்த்தாடை இல்லை. நாக்கு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வாலை ஆட்டினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மிருக வைத்தியரைத் தேடிச் செங்கலடிக்குப் போய் வர அரை நாள் ஆகும். அதுவரை அவனை அப்படியே விட முடியாது. கோடாலியின் பின்பக்கத்தால் ஓர் அடி. நான்தான் அடித்தேன். மாமரத்துக்குப் பின்னால் குழி வெட்டினேன்.

அன்று பின்னேரம் கடையில் சாமித்தம்பி நின்றான்.

"பண்டிக்கு வெச்சத நாய் திண்டா நான் என்னடா செய்யிற? எனக்கும் ஒரு வெடி வீணாத்தான் போச்சு."

சிரித்தான். நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடத்திலேயே முடிவெடுத்து விட்டேன். அவனை வெட்டுவது. எப்போது என்பதுதான் மிச்சம்.

அம்மா அழவில்லை. சாப்பாட்டையும் சரியாகத் தொடவில்லை. ஏழாம் நாள் திடீரென்று சொன்னார்.

"நாளைக்கு எட்டு வைக்கோணும்."

எங்கள் பக்கத்தில் ஆள் செத்து எட்டாம் நாள், அவர் விரும்பித் தின்றதைச் சமைத்துப் படைப்போம். ஒரு பங்கைப் பொழுதுபட்ட பிறகு முச்சந்தியில் கொண்டுபோய் வைப்போம். ஆளுக்குத்தான் வைப்பது. நாய்க்கு எவரும் வைத்ததில்லை.

அக்கா சிரித்துவிட்டாள். "நாய்க்கு எட்டு வைக்கிற முதல் வீடு நம்மடதான். ஐயரக் கூப்பிட்டா நாயிட நட்சத்திரம் கேப்பார். என்னம்மா சொல்லப் போறீங்க?"

"அவனும் இந்த வீட்டுப் புள்ளதான். திங்க வாயில்லாமப் போனவன். பசியோட போனவன்."

அக்காவின் சிரிப்பு நின்றது.

மறுநாள் பின்னேரம் ஆறு மணிக்கு அம்மா உலை வைத்தார். சிவப்பரிசிச் சோறு. வாவியில் பிடித்த மணலை மீன் பொரியல். தலையை முறிக்காமல் பொரித்தார், அவனுக்குத் தலைதான் விருப்பம். வாழையிலையில் கட்டி என் கையில் தந்தார். நான் மறு கையில் காட்டுக்கத்தியை எடுத்தேன்.

"கத்தி என்னத்துக்கு?"

"பாம்பு கிடக்கும்."

"பாம்புக்குக் காட்டுக்கத்தியா, மனே?"

 அவருக்கு விளங்கியிருக்கும். முச்சந்தியிலிருந்து பிரியும் ஒரு வழி சாமித்தம்பியின் குடிசைக்குப் போகிறது.

"வெச்சிட்டு அவன்ட பேரச் சொல்லிக் கூப்பிடு. ஒருக்காக் கூப்பிட்டாப் போதும். புறகு திரும்பிப் பாக்காத. நேர வீட்ட வா. எனக்கு நீ ஒருத்தன்தான் ஆம்பிளப் புள்ள. மறியல் கம்பிக்குள்ள கிடக்க உன்னப் பெறல்ல."

"ஓம்" என்றேன்.

வீட்டை விட்டு இறங்கும்போது போனில் எட்டு இருபது. நிலவில்லை. வயலுக்கு நீர் பாய்ந்திருந்ததால் தவளைகள் காதை அடைத்தன. கால் மணித்தியாலம் நடந்தால் முச்சந்தி. ஒரு மதகு, சிறுகல் கொட்டிய மூன்று கிரவல் பாதைகள், வேறொன்றுமில்லை. மதகின் அருகில் இலையை விரித்து வைத்தேன். மீன் வாசம் எழும்பியது.

பெயரைச் சொல்ல வேண்டும்.

எட்டு நாளாக என் தலைக்குள் ஒரு பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கும்போதும் அது. எழும்பும்போதும் அது. கத்தியைத் தீட்டும்போதும் அது. வாயைத் திறந்தேன். அதுதான் வந்தது.

"சாமித்தம்பி."

சோற்றின் முன்னால் நின்று, கட்டையனின் பெயருக்குப் பதிலாக அவன் பெயரைச் சொல்லிவிட்டேன். சீ என்றிருந்தது. திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கோபம் வந்தது. சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் குடிசைப் பாதையில் நடந்தேன்.

இருபது யார் தூரம் போயிருப்பேன். தவளைகள் நின்றன.

ஒன்று ஒன்றாக அல்ல. எல்லாம் ஒரேயடியாக.

பின்னால் சத்தம் கேட்டது. ஏதோ சோறு தின்னும் சத்தம். நரியாக இருக்கும் என்று நினைத்தேன். தெருநாயாகவும் இருக்கலாம். ஆனால் சத்தம் சரியில்லை. மெல்லும் சத்தம் இல்லை. பல்லில் முள் நொறுங்கும் சத்தம் இல்லை. சளப்... என்று அள்ளும் சத்தம். பிறகு பொத்தென்று இலையில் விழும் சத்தம். மறுபடி சளப்... மறுபடி பொத்...

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா சொன்னது நினைவிருந்தது. திரும்பினேன். போன் வெளிச்சத்தை அடித்தேன்.

ஒரு மனிதன்.

கையும் காலும் நிலத்தில் ஊன்றி, முகத்தை இலைக்குள் புதைத்திருந்தான். எனக்கு முதுகு. மடித்துக் கட்டிய சாரம். தோளில் தையல் விட்ட நீல ஜேர்சி. அந்த ஜேர்சியை ஊரில் ஒருவன்தான் போடுவான்.

எனக்குப் பயம் வரவில்லை. அதை உண்மையாகச் சொல்கிறேன். கண்ணுக்குள் இரத்தம் ஏறியது.

"என்ட நாயையும் சாகடிச்சுப் போட்டு, அதிட சோத்தையும் திங்கிறியாடா?"

அவன் திரும்பவில்லை. சளப்... பொத்...

ஓடிப்போய் வெட்டினேன். இடது தோளில். என் பலம் முழுவதும் அந்த ஒரு வெட்டில் இருந்தது. கத்தி எலும்பில் முட்டி நின்றது. சேற்று வயலில் மண்வெட்டி இறங்கியதைப் போல இருந்தது. அவன் கத்தவில்லை. கையால் பொத்தவுமில்லை. கத்தியை இழுத்தேன். சுலபமாக வந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். அலகில் இரத்தம் இல்லை.

ஒரு சொட்டுக்கூட.

அப்போதுதான் அவன் முகத்தைத் திருப்பினான்.

மூக்கு வரைக்கும் சாமித்தம்பி. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. தாடை இல்லை. உதடு இல்லை. கருகிய ஓர் ஓட்டை. அதன் விளிம்பில் சிவப்பரிசி ஒட்டியிருந்தது. தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. விழுங்கிக்கொண்டிருந்தான்.

இலையைப் பார்த்தேன். வெறும் இலை.

அவன் அந்த இலையை எடுத்தான். இரண்டு கையாலும் ஏந்தினான். என்னை நோக்கி நீட்டினான்.

இன்னும் கேட்டான்.

கத்தியோடு ஓடினேன். வீட்டுப் பக்கம்தான் ஓடினேனா என்றுகூடத் தெரியாது. பின்னால் கிரவலில் அடிச் சத்தம். இரண்டு கால் சத்தமில்லை. நாலு. பட பட... பட பட... இடையில் இலை நிலத்தில் உரசும் சத்தம். நெருங்கவில்லை. பிந்தவுமில்லை. அதே தூரத்தில் வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்குள் விழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அம்மா மண்டபத்தில் காத்திருந்தார். முதலில் கத்தியைத்தான் பார்த்தார். அதில் இரத்தம் இல்லையென்று கண்டதும் மூச்சு விட்டார்.

"திண்டானா, மனே?"

"ஓம்."

"எல்லாம் திண்டானா?"

அப்போது வாசலில் சுரண்டியது.

ஸ்ர்ர்ர்...

கதவின் கீழ்ப்பக்கம். கட்டையன் உள்ளே வரவேண்டும் என்றால் சுரண்டும் அதே உயரம்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. எட்டு நாளில் முதல் தடவை.

"கட்டையன்!"

"இல்லம்மா."

"அவன்தான்டா. வயிறு நிறையல்ல அவனுக்கு. கூப்பிட்டதும் வந்திட்டான்."

குசினிக்குள் ஓடினார். சோற்றுப் பானையோடு வந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"தள்ளுடா. அவன் பசியோட நிக்கிறான்."

"அது அவனில்ல!"

"நீ அவன அடிச்சுச் சாகடிச்சவன். உனக்கென்ன தெரியும்? தள்ளு!"

அந்தச் சொல் எனக்குப் பட்டது. ஆனாலும் விடவில்லை. அம்மா பானையால் என் நெஞ்சில் குத்தினார். சோறு கொட்டியது. அறுபது வயது மனுசிக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டார். கதவு விரலளவு திறந்தது.

அந்த இடைவெளியில் இலை நுனி உள்ளே வந்தது.

அம்மாவின் கையைப் பிடித்து முறுக்கினேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் அலறினார். கதவைத் தோளால் இடித்துச் சாத்தினேன். அக்கா ஓடி வந்தாள். என்ன ஏதென்று விசாரிக்கவில்லை. என்னோடு சேர்ந்து கதவில் சாய்ந்தாள். அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

ஸ்ர்ர்ர்...

ஸ்ர்ர்ர்...

நரி ஊளையிட்டது. நின்றது.

கதவில் சுரண்டுவது நிற்கவில்லை.

விடியும்வரை.

காலையில் வாசலில் ஒன்றுமில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாங்கள் அங்கே நிற்கும்போதே ஊரிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. சாமித்தம்பி குடிசைக்குள் செத்துக் கிடக்கிறானாம். இறைச்சி வாங்கப் போனவர் கண்டாராம். பொலிஸ் வந்திருக்கிறதாம். நான் கதிரையில் இருந்துவிட்டேன். கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான் கண்டதெல்லாம் என் மூளைக் கோளாறு, வெட்டு மட்டும் உண்மை என்று நினைத்தேன். பொலிஸுக்குப் போவதா, ஓடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாம் நாள் றிப்ஷான் எனக்குப் போன் எடுத்தான். ஏறாவூர்க்காரன். ஐஸ் வேலையில் என்னோடு நின்றவன். இப்போது ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் வேலை.

"மச்சான், உங்கட ஊர் வெடிக்காரன்ட கேஸ் கேள்விப்பட்டியா? குடிசைக்குள்ள இருந்து வாய்வெடி கட்டியிரிக்கான். வாயால நூல இறுக்கக்குள்ள வெடிச்சிட்டு. நாடித்தாடை இல்ல, ஒண்டும் இல்ல. ஆக்கள் கண்டதுக்கு முதல் நாள் பின்னேரம் மூண்டு மணிக்கே முடிஞ்சிரிக்கான். சத்தம் கேட்ட ஆக்கள் யானை விரட்டுற வெடி எண்டு நினைச்சிட்டாங்க."

"மூண்டு மணிக்கா?"

"ஓம்டா. ஆனா டொக்டருக்கே விசர் பிடிச்சிட்டு. தோள்ல ஒரு வெட்டு, எலும்பு வரைக்கும். ரத்தம் வரல்ல. செத்துக் கன நேரத்துக்குப் புறகு வெட்டினதாம். செத்தவன வெட்ட ஆருக்குடா தேவ?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"முழங்கால் ரெண்டும் கிரவல்ல தேஞ்சு கிடக்கு. குடிசைக்குள்ள ஏதுடா கிரவல்? இன்னொண்டு சொல்லுவன், வல்லாஹி, நீ நம்ப மாட்டாய். தொண்டைக்குள்ள சோறு. சிவப்பரிசிச் சோறு. இறுக்கி அடைச்ச மாதிரி. மீன் முள்ளும் இரிக்கி. வாயில்லாதவன் எப்பிடி மச்சான் திண்டிரிப்பான்?"

போனை வைத்தேன்.

குசினியில் அம்மா ஒற்றைக் கையால் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அக்காவிடம்தான் சொன்னார்.

"அண்டைக்குக் கதவத் திறக்க விடல்ல. இனி நான் பின்வாசல்ல வெக்கிறன். என்ட புள்ள பசி கிடக்கக் கூடாது."

வந்தது அவனில்லை என்று சொன்னால், அவன் வரவேயில்லை என்றும் சொல்ல வேண்டும். அவன் பெயரை நான் கூப்பிடவே இல்லை என்றும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

அம்மா தினமும் பொழுதுபட்ட பிறகு சோறு வைக்கிறார். இப்போது வயிறு நிறையச் சாப்பிடுகிறார். நிம்மதியாக நித்திரை கொள்கிறார். நான்தான் விழித்திருக்கிறேன்.

காலையில் அந்த இலையில் ஒரு பருக்கையும் இருப்பதில்லை.