சிலிண்டர் அக்கா வகுத்த வழி

“தம்பி, உங்க பஞ்சர் கடைக்கு எதிர்ல கார் சார்ஜ் போடுற மெஷின் ஒண்ணு நிக்குதுல்ல? அதுல லைட் எரியுதா, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்றீங்களா? இல்லப்பா, நான் கம்பெனி ஆள் இல்ல. மாமியார்!”

முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படிப் பேசிக்கொண்டே குறிப்பேட்டில் ஒரு டிக் போடுகிறார் சிலிண்டர் அக்கா. சார்ஜ் நிலையத்தின் படத்தை போனில் தேடி எடுப்பார்; விரலால் பெரிதாக்கிப் பக்கத்துக் கடைப் பலகையில் இருக்கும் எண்ணைப் படிப்பார்; உடனே கூப்பிட்டுவிடுவார். மருந்துக்கடை, பூக்கடை எதுவும் தப்பாது. ஒரு சலூன்காரர் பாதி மழித்த வாடிக்கையாளரை அப்படியே உட்காரவைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்துச் சொன்னாராம்.

வயது ஐம்பத்தாறு. கார் ஓட்டத் தெரியாது. ஆஸ்பத்திரி ஆக்சிஜன் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பொறுப்பாளர். பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் ‘சிலிண்டர் அக்கா’. எந்த வார்டில் எந்த சிலிண்டர் எத்தனை மணிக்குத் தீரும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட நோயாளியின் தலைமாட்டில் காலியாகி நின்றதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மை நேராகப் பார்ப்பார்.

போன மாதம் மகளுக்கு மலைமேல் கால்நடை மருத்துவர் வேலை கிடைத்தது. மூன்று வருஷக் காத்திருப்பு. உத்தரவு கைக்கு வந்தபோது ஒரே ஒரு நாள்தான் மிச்சம். மறுநாள் நாலு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். ஐந்நூறு கிலோமீட்டர். வீட்டில் இருப்பதோ மாப்பிள்ளையின் மின்சாரக் கார்.

“ஆப் இருக்கு அத்தை, எங்க நிக்கணும்னு அதுவே சொல்லிடும்,” என்று சிரித்தார் மாப்பிள்ளை. “முழு சார்ஜ்ல நானூறு ஓடும்.”

“அது கம்பெனிக்காரன் லேபிள்ல ஒட்டின கணக்கு. மூணு ஆளு, மூட்டை முடிச்சு, ஏசி எல்லாம் சேத்தா முந்நூறு. மலை ஏறுறப்போ அதுலயும் பாதி. நமக்கு மூச்சு வாங்கும்ல, அந்த மாதிரி.”

மூன்று நிறுத்தங்கள் குறித்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மாற்று. விடியும்போது கிளம்பினார்கள். பின் சீட்டிலிருந்து அவர் போன் போட்டபடியே வந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடிவாரத்தில் இரண்டாவது நிறுத்தம். மணி பன்னிரண்டு. இருபது நிமிஷம் சார்ஜ் ஏறியதும் மாப்பிள்ளை ஒயரைப் பிடுங்கப் போனார். பாதிமலையில் இருக்கிற மூன்றாவது இடத்தில் மிச்சத்தை ஏற்றிக்கொள்வதாகத் திட்டம்.

“இருங்க மாப்பிள்ளை. மேல இருக்கிற மெஷின் நேத்து இடி இடிச்சதுல இருந்து அணைஞ்சே கெடக்காம். இப்பதான் பக்கத்து மருந்துக்கடையில சொன்னாங்க. இங்கயே முழுசா ஏத்திடுங்க.”

“ஆப்ல பச்சையாத்தானே காட்டுது? இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் அத்தை. நேரம் போயிடுச்சுன்னா?”

“ஆப் அங்க நிக்கல. மருந்துக்கடைக்காரர் நிக்கிறார்.”

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். பைக்குள் இருந்த உத்தரவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள்: “அம்மா சொல்றபடி செய்யுங்க.”

முக்கால் மணி நேரமும் சிலிண்டர் அக்கா திரையில் ஏறும் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதிமலையில் அந்த மெஷின் இருட்டடித்துக் கிடந்தது. அதன் முன்னால் இரண்டு கார்கள். ஓட்டி வந்தவர்கள் போனும் கையுமாக நின்றார்கள். மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அடுத்த வளைவில் ஏசியைத் தானாகவே அணைத்தார்.

மூன்றரை மணிக்கு மகள் கையெழுத்துப் போட்டாள். காரில் பதினோரு சதவீதம் மிச்சம்.

வாசல்வரை வந்த தலைமைக் கால்நடை மருத்துவர் காரைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். “இந்தக் கார்லயா வந்தீங்க? நடுவுல அந்த மெஷின் வேலை செய்யலையே, எப்படிச் சமாளிச்சீங்க?”

கேள்வி மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் வந்தது. சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஓரடி பின்னால் நகர்ந்து, அத்தைக்கு வழி விட்டு நின்றார்.