நெஞ்சில் நீர் கோத்த ஆண்டு

கடம்பத்தூர் நிலையத்தில் பட்டணத்து வண்டியைப் பிடிக்க ஓடியபோதுதான் அந்த வலி முதலில் வந்தது. வலப்பக்க விலாவுக்குள் கொக்கி மாட்டி இழுப்பது போலிருந்தது. மூச்சு பாதியில் நின்றுவிட்டது. ஓடியதால் வந்த பிடிப்பு என்று எண்ணிப் பெட்டியில் ஏறி, வேதியியல் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

அப்போது நான் சென்னையில் இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதில் தேறி நர்சிங் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்பது என் முடிவு. அந்தப் படிப்பு அன்று புதிது. நர்ஸ் வேலைக்குப் பட்டம் எதற்கு என்று ஊரில் கேட்டவர்கள் சிலர். கேட்காமல் சிரித்தவர்கள் பலர். பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் கிளம்பி, திருவள்ளூர் ஆஸ்பத்திரியை எட்டாமலே இறந்த இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி ஊரில் யாரும் சிரித்துப் பேசவில்லை. யாரும் ஒன்றும் செய்யவுமில்லை.

மாலைதோறும் காய்ச்சல் அடித்தது. நெல் விளைவிக்கும் என் தகப்பனார், நாங்கள் நைனா என்று அழைப்பவர், என்னைத் திருவள்ளூர் மருத்துவரிடம் கூட்டிப்போனார். அம்மாவும் வந்தாள். மருத்துவர் என் முதுகில் விரலால் தட்டிக் கேட்டார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். என்னிடம் 'ப்ளூரல் எஃப்யூஷன்' (நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் நீர் சேர்வது) என்றார். பெற்றோரிடம், அவர்கள் மிரளக் கூடாதென்று, "நெஞ்சுல நீர் கோத்திருக்குது. அடுத்த வாரம் ஊசி போட்டு எடுத்துடலாம்" என்று முடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் நீர் கோத்துக்கொள்வது என்றால் ஈரத் தலையோடு படுத்தவர்களுக்கு வருவது. அதற்கான வைத்தியம் அம்மாவுக்கு அத்துபடி. அன்றே குளியல் நின்றது. மோர் நின்றது. பிறகு குடிதண்ணீரும் நின்றது.

"அம்மா, குடிக்கிற தண்ணி நெஞ்சுக்குப் போவாது. வயித்துக்குத்தான் போவும். நான் படிச்சிருக்கேன்."

"இன்னா படிச்ச? தவளைய அறுத்த. தவள தண்ணியிலேயே கெடக்கும், அதுக்கு ஒண்ணும் ஆவாது. நீ மனுசி. வாய மூடிக்கினு படு."

நைனா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் வியர்வையில் போன நீருக்கு ஈடாக ஒரு நாளைக்கு அரை டம்ளர் வெந்நீர் கிடைத்தது.

அடுத்த வாரம் நீர் எடுக்க உட்கார வைத்தபோது, ஊசி தொடுவதற்கு முன்பே மயங்கி விழுந்தேன். மருத்துவர் என் நாக்கைப் பார்த்தார். "பொண்ணுக்குத் தண்ணியே குடுக்கிறதில்லையா?"

"நீங்கதானே தண்ணி ரொம்பிக்கிச்சுன்னீங்க? மேல மேல ஊத்தினா இன்னாத்துக்கு ஆவறது?" என்றாள் அம்மா.

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "தப்பு என்னுதும்மா. நான் சரியாச் சொல்லியிருக்கணும். இது ஜலதோஷ நீர் இல்ல. க்ஷயம், டி.பி."

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்தார்.

இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் இதே நோய் கண்டிருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரிடம் நோயின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். எளிய சொல் அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் அது வேறு பொருள் கொண்டுவிடும்.

விலா இடுக்கில் ஊசி செலுத்தி, வைக்கோல் நிறத்து நீரை எடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் (க்ஷயக் கிருமியை ஒடுக்கும் ஊசி மருந்து) மாதக்கணக்கில் தொடர்ந்தது. அதனால் காதுக்குள் இரைச்சல் கேட்டது. எழுந்தால் தரை சாய்ந்தது. ஆனால் எல்லாவற்றையும்விடக் கொடியது ஓய்வு. படுத்திரு என்பதே மருந்து. என் கால்கள் போர்வைக்குள் ஓயாமல் அசைந்தன. புத்தகத்தைக் கேட்டால் மாலைக்குள் காய்ச்சல் ஏறும் என்றார்கள். காலை வண்டி ஊதிக்கொண்டு போகும்போதெல்லாம் உடம்பு தானாக எழ முயன்றது. என் வகுப்பு என்னை விட்டுவிட்டுத் தேர்வு எழுதியது.

மறு ஆண்டு எழுதித் தேறினேன். நர்சிங் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய அன்று அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "ஒடம்புக்கு இன்னா வந்துச்சுன்னு கேட்டா, நீர் கோத்துக்கிச்சுன்னு சொல்லு. பொய்யா அது? டாக்டரே சொன்னதுதானே."

பொய் இல்லை. அதுதான் என்னை அலைக்கழித்தது. ரயிலில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன். அப்படிச் சொன்னால் இடம் கிடைக்கும். பிறகு இரவுப் பணியில் உடல் தளர்ந்து நோய் திரும்பினால், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் அருகே நிற்கப்போவது நான்தான். உண்மையைச் சொன்னால் இடம் போகும். இன்னொரு முறை என்னை அனுப்ப நைனாவால் ஊரை எதிர்த்து நிற்க முடியுமா என்பது தெரியாது.

கல்லூரியின் பெண் மருத்துவர் கேட்டார்: "முன்னே பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததுண்டா?"

"க்ஷயம், டாக்டர். வலப்பக்க உறையில் நீர் சேர்ந்தது. எடுத்துவிட்டார்கள்."

அவர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "இந்த வருஷம் வேண்டாம். இரவு டியூட்டி உன்னை முறித்துவிடும். அடுத்த வருஷம் புதுப் படம் எடுத்துக்கொண்டு வா. பார்ப்போம்."

வாசலில் நைனா வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"அடுத்த வருசம் வரச் சொன்னாங்க, நைனா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி வா, நாஷ்டா துன்னலாம். ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அவ கத்துறத நீ கேட்டுக்கினு இருக்க வேணாம்."

அடுத்த ஆண்டு இடம் கிடைத்தது. இன்று பட்டம் பெற்று வார்டில் நிற்கிறேன். குணமாகிவிட்டாயா என்று கேட்பவர்களுக்கு ஆம் என்றே சொல்கிறேன். ஆனால் உடல் அந்தச் சொல்லை முழுதாக ஏற்கவில்லை. உறை ஒட்டிப்போன இடத்தில் வலப்பக்க நெஞ்சு சற்றுத் தாமதமாகவே உயர்கிறது. மாடிப்படி ஏறும்போது கால்கள் முன்னால் போகின்றன, மூச்சு பின்னால் வருகிறது. ஆண்டுக்கொரு முறை படம் எடுக்கிறார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவர்கள் தலையசைத்த பிறகுதான் எனக்குப் புத்தாண்டு பிறக்கிறது. அதுவரை, முடிந்துபோன ஆண்டிலேயே நடமாடிக்கொண்டிருக்கிறேன்.