கிழிசலை அறிந்த எழுத்து

வல்லம் வடகாலில் ஜெர்மன்காரர்கள் நடத்தும் உதிரிபாகத் தொழிற்சாலையில் இசைவாணியை எல்லோரும் ஜெர்மன் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். புது மெஷின் வந்து இறங்கினால் கூடவே வரும் கையேட்டைத் தமிழில் ஆக்கித் தருவது அவள் வேலை. ஜெர்மனியிலிருந்து இன்ஜினியர்கள் வந்தால் அவர்களுக்கும் உற்பத்தி லைனில் நிற்பவர்களுக்கும் நடுவில் நின்று பேசுவாள். இவ்வளவு நன்றாக ஜெர்மன் எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால், வேறொரு பாஷை படிக்கப் போன இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்பாள். அந்த வேறொரு பாஷை எபிரேயம் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய யூதர்களின் தோலேடுகளைப் படித்து, எந்தக் காலத்துக் கை எழுதியது என்று சொல்லும் படிப்பில் அவள் டாக்டர் பட்டம் வாங்கியவள். அதைச் சொன்னால் கேள்விகள் வரும், பதில் சொல்லி மாளாது என்று சும்மா இருந்துவிட்டாள்.

அவள் அந்தப் படிப்புக்குள் போனதே ஒரு சங்கடத்தின் வழியாகத்தான். கல்லூரி முடித்ததும் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். அம்மா லூர்தம்மாளுக்கு அதில் பெரிய பெருமை. மடத்தில் அவளை விவிலியம் படிக்கப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே எபிரேய வகுப்பில், வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்துகளைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறெதிலும் மனசு நிற்கவில்லை. ஜெப நேரத்திலும் நினைப்பு எழுத்துகளிலேயே கிடந்தது. துறவறத்துக்கு வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள் நெருங்கியபோது, தன்னை இங்கே பிடித்து வைத்திருப்பது கடவுளா எழுத்தா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கிடைத்த பதிலுக்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மடத்திலிருந்து திரும்பிய பெண்ணைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசுமோ அத்தனையும் பேசியது. லூர்தம்மாள் பூசை முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு இடம் கொடுத்த பிறகுதான் அவளால் தலை நிமிர முடிந்தது. மகள் வெளிநாட்டில் வேதம் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டாள். கோயிலிலும் அப்படியே நம்பினார்கள்.

அங்கே இசைவாணிக்கு வழிகாட்டியாக இருந்தவர் பேராசிரியர் அனெலீஸ் ஹோர்ன். குளிர்காலத்தில் மெல்லிய ஸ்வெட்டரோடு வந்து இறங்கியவளை ரயில் நிலையத்திலிருந்து நேராகக் கடைக்குக் கூட்டிப்போய்க் கோட்டு வாங்கிக் கொடுத்தவர். கண்டிப்பானவர், ஓர் எழுத்தின் காலத்தைத் தவறாகச் சொன்னால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று அவளைத் தனியே விட்டதில்லை. தோலேட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரிடம்தான் அவள் கற்றாள். வாசகத்தைப் படிக்காதே, முதலில் தோலைப் பார், பிறகு மையைப் பார், கடைசியில் படி என்பார்.

பட்டம் வாங்கி, அங்கேயே ஆராய்ச்சியில் அமர்ந்து, வாழ்க்கை ஒரு வழிக்கு வந்தது என்று நினைத்த வேளையில் லூர்தம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்பா இறந்து வெகுகாலம் ஆயிற்று. தம்பி ரகு கார் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவன். அவன் குடும்பம் சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தது. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். இசைவாணி வந்தாள். வந்தவளால் திரும்பிப் போக முடியவில்லை. இந்தியாவில் அவள் படித்த படிப்புக்கு வேலை என்று ஒன்று இல்லை. ஜெர்மன் தெரிந்ததால் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது.

ஹோர்ன் அவளைக் கைவிடவில்லை. ஒரு செல்வந்தர் புதிதாகத் திறக்கவிருந்த அருங்காட்சியகத்துக்காக வாங்கியிருந்த தோலேட்டுத் துண்டுகளை ஆராய்ந்து நூல் எழுதும் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது. இசைவாணியையும் இணை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். படங்கள் இணையத்தில் வரும். ஓரகடத்து வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். நூல் வந்ததும் அந்த அருங்காட்சியகத்தின் பணத்தில் நிரந்தர வேலை ஒன்று உருவாகும், அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடு என்றார்.

துண்டுகளில் முக்கியமானது பழைய ஏற்பாட்டில் வரும் மீக்கா ஆகமத்தின் சில வரிகள். உள்ளங்கையில் பாதி இருக்கும். சாக்கடல் ஓரத்துக் குகையில் கிடைத்தது என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, புதிதாக எடுத்து அனுப்பியிருந்த படத்தை இசைவாணி பெரிதாக்கிப் பார்த்தாள். தோலில் ஒரு வெடிப்பு ஓடியது. மை அந்த வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தது. கீழ்வரியில் தோல் கிழிந்த இடத்துக்கு முன்னால் ஓர் எழுத்து தன் காலை மடக்கி ஒடுங்கி நின்றது.

அவள் படத்தை மூடிவிட்டு வாசலில் போய் நின்றாள். ஏடு உண்மையென்றால், எழுதும்போது தோல் புதிதாக இருந்திருக்க வேண்டும். வெடிப்பும் கிழிசலும் பல நூறு ஆண்டுகள் கழித்து வந்திருக்க வேண்டும். இந்த எழுத்துக்கோ கிழிசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. பழைய வெற்றுத் தோல் ஒன்றை எடுத்து நம் காலத்து ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு வேறு விளக்கம் உண்டா என்று அவள் வாரக்கணக்கில் தேடினாள். கம்பெனி வேனில் போகும்போதும், கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நெரிசலில் நிற்கும்போதும் அதுதான் ஓடியது. படம் சரியில்லை என்று வேறு படம் கேட்டு வாங்கினாள். அதில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ஹோர்னிடம் வீடியோ அழைப்பில் சொன்னாள். நாம் இருவருமே சேர்ந்து எழுதி வெளியிட்டுவிடலாம், கண்டுபிடித்தது நாம்தான் என்றாகும் என்றாள். அவர் திடுக்கிடவில்லை. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது என்பது அதில் அவளுக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை, வாணி. இப்போது வேண்டாம் என்கிறேன். நூல் வரட்டும். உன் வேலை உறுதியாகட்டும். பிறகு யாராவது கண்டுபிடிப்பார்கள்."

தன்னுடைய இன்னும் இரண்டு மாணவர்களின் சம்பளமும் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது, தனக்கு ஓய்வு பெறும் வயது ஆகிவிட்டது என்றும் சொன்னார். குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் இசைவாணிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவர் அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

நூலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி எழுதினாள். பிறகு கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். கட்டுரையில் ஹோர்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அது வெளிவந்ததும் அருங்காட்சியகம் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பியது. முடிவு அவள் சொன்னபடியே வந்தது. திட்டத்தை மூடிவிட்டார்கள். ஹோர்ன் பதவி விலகினார். அதன் பிறகு அவளுடைய மடல் எதற்கும் பதில் இல்லை. வேலை இழந்த மாணவர்களில் ஒருவன் எழுதினான்: உனக்கு அங்கே கம்பெனிச் சம்பளம் இருக்கிறது, நீ யோக்கியமாக இருக்கலாம் என்று.

இதோடு போயிருந்தால் ஊருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஒரு யூடியூப் சேனல் செய்தியை எங்கிருந்தோ எடுத்து, அவள் படத்தைப் போட்டு, 'பைபிள் ஏடு போலி: ஓரகடம் பெண் அதிரடி' என்று வெளியிட்டது. இரண்டே நாளில் கோயிலில் எல்லோருடைய போனிலும் அது இருந்தது. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் கூட்டத்தை அன்பியம் என்பார்கள். அந்த வாரம் லூர்தம்மாள் வீட்டு முறை. நாற்காலி போட்டு, டீ போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

லூர்தம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"வேதம் பொய்னு நீ சொன்னியாடி?"

"இல்லம்மா. வேதத்தப் போலியா எழுதி ஒருத்தன் வித்துருக்கான். அதத்தான் சொன்னேன்."

"அப்போ எழுதனவன வுட்டுட்டு உன்ன இன்னாத்துக்குப் பேசறாங்க?"

பங்குத்தந்தை ஜெபகுமார் இளைஞர், நல்லவர். ஞாயிறு பூசைக்குப் பிறகு நீங்களே பேசிவிடுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார். இசைவாணி நிதானமாக விளக்கினாள். வெடிப்பையும் மையையும் பற்றிச் சொன்னாள். உண்மையான பழைய ஏடுகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றை நானே கையில் ஏந்தியிருக்கிறேன் என்றாள். முகங்கள் இளகின. சிலர் தலையாட்டினார்கள். அன்பியத்தை நடத்துகிற மரியபுஷ்பம் எழுந்தாள்.

"அதெல்லாம் சரி வாணி. நம்ம கையில கீற பைபிளு அந்தக் காலத்துல எழுதனது எழுத்துக்கு எழுத்து அப்படியேதான கீது? அத மட்டும் சொல்லிடு."

ஃபாதர் அவளைப் பார்த்தார். ரகு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியே இல்ல பெரியம்மா," என்றாள் இசைவாணி. "கையால எழுதனவங்க மனுஷங்க. ஒரு ஏட்டுல இருக்கற வார்த்த இன்னொண்ணுல இருக்காது. ஒப்பிட்டுப் பாக்கறதுதான் என் படிப்பே. அதனால விசுவாசம் கெட்டுப் போவாது."

கடைசி வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. கூட்டம் சலசலத்துக் கலைந்தது. வாசலில் ரகு அவளைப் பிடித்துக்கொண்டான். "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கியிருந்தா இன்னாக்கா ஆயிருக்கும்? யாரு வந்து கேக்கப் போறா?" என்றான். கிட்டத்தட்ட இதையேதான் ஹோர்னும் சொன்னார் என்று அவளுக்குத் தோன்றியது. ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

வீட்டில் அம்மாவிடம், நான் செய்தது உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டாள். லூர்தம்மாள் மறைக்கவில்லை.

"மடத்துலேர்ந்து வந்தப்பவும் கஷ்டமாத்தான் இருந்துது. இப்பவும் கஷ்டமாத்தான் கீது. உனக்கு வேற மாதிரி இருக்க வராது. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

மகளுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, குத்தலாகவும் இருந்தது.

அந்த வருஷம் முழுக்க அப்படியே போயிற்று. இசைவாணி தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். ஏடுகளின் படங்கள் இருந்த கணினியைச் சில மாதங்கள் திறக்கவே இல்லை. ஹோர்னின் பிறந்தநாளன்று மனசு கேட்காமல் போன் செய்தாள். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தாள். எடுத்தார். தோட்டத்தில் ஆப்பிள் இந்த வருஷம் சரியில்லை என்றார், அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இவள் துண்டைப் பற்றி வாயெடுக்கும் முன்பே, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டார். மன்னித்தாரா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகு அவர் போனை எடுத்ததும் இல்லை.

இங்கிலாந்தில் ஒரு சின்ன நூலகம் பின்னால் ஒருமுறை அவளைத் தேடி எழுதியது. தங்களிடம் உள்ள துண்டுகளை விலைக்கு வாங்கியவர்கள் இறந்துவிட்டார்கள், உண்மையா போலியா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சம்பளம் இல்லை. சரி என்றாள். விடியற்காலையில் வேன் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறாள். முன்பு ஒரு படம் திறந்தால் வாசகம் என்ன என்று துள்ளும் மனசு, இப்போது எங்கே ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறது. அதை நினைத்தால் அவளுக்கு வருத்தம். நல்ல துண்டு ஒன்று வந்தால்கூட நம்புவதற்கு நாளாகிறது.

அக்டோபரில், ஜெபமாலை மாதத்தில், மரியபுஷ்பமே வீட்டுக்கு வந்து, அன்பியத்துக்கு இந்த வாரம் உங்கள் முறை என்று லூர்தம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாள். முன்பு வந்தவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். வாசகம் படிக்க யாரைச் சொல்வதென்று தயங்கிவிட்டு, மரியபுஷ்பம் புத்தகத்தை இசைவாணியிடமே நீட்டினாள். இசைவாணி வாங்கி, தமிழில் இருந்ததை இருந்தபடி படித்தாள். படித்து முடித்ததும் எல்லோரும் இறைவா உமக்கு நன்றி என்று வழக்கமான பதிலைச் சொன்னார்கள். வாக்கரோடு லூர்தம்மாளால் டம்ளர்களைத் தூக்கிவர முடியாததால், டீ கொண்டுவர இசைவாணியே உள்ளே போனாள்.